யாருடைய சிறுநீரகம் பொருந்தும்? மலையக வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: நான் ‘ஏ’ குருதி வகை. அம்மா ‘ஓ’ நெகட்டிவ், தம்பி ‘ஏ’ பொசிட்டிவ். யார் தருவது நல்லது? (ஹட்டன்)

குருதி வகையில் இருவருமே பொருந்துகிறார்கள். ‘ஓ’ வகையினர் எந்த வகையினருக்கும் சிறுநீரகம் தரலாம். பொசிட்டிவ், நெகட்டிவ் இங்கே கணக்கில் இல்லை. திசுப் பொருத்தத்தில், அதாவது பெற்றோரிடமிருந்து வரும் கலங்களின் அடையாளங்கள் ஒத்துப்போவதில், அம்மா உங்களுக்குப் பாதி. தம்பி முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. சற்றும் பொருந்தாமல் போகவும் அதே அளவு வாய்ப்பு. முழுதாகப் பொருந்தி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லையென்றால் தம்பியையே தெரிவு செய்வேன்.

கேள்வி: கணவர் தர முன்வருகிறார். இரத்த உறவு இல்லையென்றால் ஒட்டாது என்கிறார் மாமியார். மூன்று பிள்ளைகள் பெற்றவள் நான். (தலவாக்கலை)

ஒட்டும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். 1995இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், வாழ்க்கைத் துணை கொடுத்த சிறுநீரகங்களில் 85 சதவீதம் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் இயங்கின. பெற்றோர் கொடுத்தவற்றில் 82 சதவீதம்.

என் கவலை வேறு. உங்கள் வயிற்றில் வளர்ந்த பிள்ளைகளின் திசு அடையாளத்தில் பாதி கணவருடையது. அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது அந்நியமானதைத் தாக்கும் புரதங்கள், அப்போதே உங்கள் உடலில் உருவாகியிருக்கலாம். அவை வலுவாக இருந்தால், அவருடைய சிறுநீரகத்தைச் சில மணி நேரத்திலேயே அழித்துவிடும். அதனால்தான் உங்கள் சீரத்தையும் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி) அவருடைய வெண்குருதிக் கலங்களையும் சேர்த்துப் பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனை இருக்கிறது. கலங்கள் மடிந்தால் அவருடையதை அப்படியே வைக்க முடியாது. இதே சிக்கலில் உள்ள இன்னொரு தம்பதியோடு கொடையாளிகளை மாற்றிக்கொள்ளும் முறை 1991இல் தென்கொரியாவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது.

குருதி ஏற்றினாலும் இதே பிறபொருளெதிரிகள் வரலாம். டயலிசிஸ் காலத்தில் இரத்தசோகை வந்தால், இரும்புச் சத்தும் குருதி உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயிட்டின் ஊசியும் போதுமா என்று முதலில் கேளுங்கள். உயிர் காக்க வேண்டிய நேரத்தில் மட்டும் தயங்கவே கூடாது.

கேள்வி: மாற்றி மூன்றாண்டுகள் ஆகின்றன, நலம். கண்டி கிளினிக்குக்கு விடியற்காலை பஸ் பிடிக்கும் நாட்களில் மாத்திரை தவறுகிறது. அயலவர் கொடுக்கும் மூலிகைக் கஷாயம் குடிக்கலாமா? (பண்டாரவளை)

உங்கள் கடிதம் எனக்கு அச்சமூட்டுகிறது. நலமாக இருக்கும் காலத்தில்தான் பல சிறுநீரகங்கள் பறிபோகின்றன. மாத்திரையை இடையிடையே தவறவிட்டால் புதிய பிறபொருளெதிரிகள் மெல்ல உருவாகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் குருதியில் ஏறும்போது சிறுநீரகத்தில் வடு விழுந்திருக்கும்.

உடல் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் காக்கும் டக்ரோலிமஸ் மாத்திரை வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிளினிக் நாளில் காலை வேளை மாத்திரையை விழுங்காமல் பையில் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவைப் பார்க்கக் குருதி எடுத்தவுடன், அங்கேயே தண்ணீரோடு போடுங்கள். வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் அளவு தவறாகக் காட்டும், மருந்தைத் தேவையின்றிக் குறைத்துவிடுவார்கள். கஷாயம் வேண்டவே வேண்டாம். பம்பளிமாசும் வேண்டாம், அது மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும்.

கேள்வி: அண்ணனுக்குக் கொடுத்தால் மறுபடி மலையேறிக் கொழுந்து பறிக்க முடியுமா? (நானுஓயா)

முடியும். சுமார் ஆறு வாரங்களுக்குக் கூடையும் தண்ணீர்க் குடமும் தூக்காதீர்கள். பிறகு ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தமும் சிறுநீரும் கிரியேட்டினினும் பார்த்தாக வேண்டும். கொடுத்தவரைக் குடும்பமே மறந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதுகுவலிக்கு டைக்குளோபினாக் வாங்கி விழுங்காதீர்கள், பரசிட்டமோல் போதும்.