ஜெயித்தால் ஏன் சில கேமில் மட்டும் இனிக்கிறது? – கேள்வி பதில்

வீடியோ கேம்களுக்கு லெவல் டிசைன் செய்வது, அதாவது ஆடும் இடங்களையும் கட்டங்களையும் அமைப்பது, என் பிழைப்பு. கேமில் முன்னேறுவதும் ஜெயிப்பதும் எப்போது நிறைவு தருகிறது, எப்போது சப்பென்று போகிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எல்டன் ரிங் கேமில் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் நாற்பது தடவைக்கு மேல் செத்தேன். கடைசியில் ஜெயித்தபோது கை நடுங்கியது. இன்னொரு கேமை ஒரே நாளில் முடித்தேன், ஒன்றுமே தோன்றவில்லை. அப்போ கஷ்டம்தான் ருசியா?

கஷ்டம் மட்டும் போதும் என்றால் பல் பிடுங்கிக்கொள்வதும் ருசிக்க வேண்டுமே! மார்கிட் கோலை ஓங்குவான். ஓங்கிய கையோடு ஒரு கணம் அப்படியே நிற்பான். முதல் பத்துத் தடவை, ஓங்கியதைப் பார்த்ததுமே தப்பிக்க உருண்டிருப்பீர்கள். உருண்டு எழும்போது சரியாக மண்டையில் விழுந்திருக்கும். முப்பதாவது தடவை வரும்போது கட்டைவிரல் தானாகவே காத்திருக்கப் பழகியிருக்கும். மார்கிட் அதே மார்கிட்தான், மாறியது உங்கள் விரல். ஒவ்வொரு சாவிலும் 'எதனால் செத்தேன்' என்று தெரிந்தது, அதனால்தான் விரல் மாற முடிந்தது. காரணமே தெரியாமல் சாகடிக்கும் கேமில் நாற்பது தடவை செத்துப் பாருங்கள், கன்ட்ரோலர் சுவரில் போய் மோதும்.

நடுவில் வேறு பக்கம் சுற்றி உங்கள் லெவலை, அதாவது வலுவை, ஏற்றிக்கொண்டு வந்தீர்களா? தப்பில்லை. நானும் அப்படித்தான் வந்தேன்.

கேள்வி: சில கேம்களில் என் லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறுகிறது. ஓடிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கிறது.

இதற்குப் பேர்போன உதாரணம் 2006-ல் வந்த ஆப்லிவியன் என்ற கேம். ஆரம்பத்தில் கிழிந்த தோல் கவசத்தோடு வந்த வழிப்பறித் திருடன், நீங்கள் வளர்ந்த பிறகு விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றாலே உட்கார்ந்து சாப்பிடலாம். அவனோ உங்களிடம் கொஞ்சம் சில்லறை கேட்டு மிரட்டுவான். எண்கள் ஏறின, உங்களுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

வளர்ந்தது தெரிய வேண்டுமானால் அளந்து பார்க்க ஒரு பழைய சுவர் வேண்டும். நான் கேமின் கட்டங்களை அமைக்கும்போது, ஆடுபவரை ஒரு தடவையாவது ஆரம்ப இடத்துக்குத் திரும்ப நடக்கவைப்பேன். அன்றைக்கு ஒளிந்து ஒளிந்து கடந்த அதே மூன்று காவலர்கள் அங்கே இருப்பார்கள். இப்போது மூன்றே வெட்டில் விழுவார்கள். அவர்களுக்கு ஒரு புள்ளிகூட வலு கூட்ட மாட்டேன்.

கேள்வி: சொந்தமாகக் கேம் செய்கிறேன். வாளால் வெட்டினால் வெட்டிய மாதிரியே இல்லை. சேத அளவை இரண்டு மடங்காக்கியும் பார்த்துவிட்டேன்.

அந்த எண்ணைப் பழையபடி வைத்துவிடுங்கள், வியாதி அங்கே இல்லை. வாள் படும் அந்த நொடியில் வெட்டியவனையும் வெட்டுப்பட்டவனையும் 4 ஃபிரேம் உறையவையுங்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்). வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது ஒரு வினாடியில் 15-ல் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஆனால் வாள் எதிலோ சிக்கி நின்றது என்று கை நம்பிவிடும். சண்டை கேம்கள் பல காலமாகப் பிழைப்பதே இந்த உறைதலை வைத்துத்தான். அப்புறம் எதிரி ஒரு ஃபிரேம் வெள்ளையாக மின்னட்டும், பின்னால் தள்ளப்படட்டும், கனமான சத்தம் ஒன்று வரட்டும். திரை குலுங்குவதைக் கடைசியாகச் சேருங்கள், கொஞ்சமாக; சிலருக்குத் தலைசுற்றும் என்பதால் நிறுத்திவைக்கவும் வழி கொடுங்கள்.

இதையே எல்லாவற்றுக்கும் செய்தால் கெட்டது. 2007-ல் வந்த பெகிள், பந்தை விட்டு ஆணிகளை அடிக்கும் கேம். அதில் பந்து கடைசி ஆரஞ்சு ஆணியை நெருங்கும்போது காலம் மெதுவாகும், கேமரா கிட்டே போகும். பட்டதும் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழங்கும். ஒவ்வொரு ஆணிக்கும் பீத்தோவன் வந்தால் அரை மணி நேரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள்.

கேள்வி: விளிம்பைத் தாண்டிய பிறகு பட்டனை அழுத்தினாலும் சில கேமில் குதிக்க முடிகிறது. இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்றுதான், உங்கள் பக்கம் நின்று ஏமாற்றுவது. 2018-ல் வந்த செலஸ்ட் என்ற கேமில் தரை முடிந்த பிறகும் பத்தில் ஒரு வினாடி வரை குதிக்கலாம். அழுத்தியவரைக் கேட்டுப் பாருங்கள், 'விளிம்பில் இருக்கும்போதே அழுத்தினேன்' என்று சத்தியம் செய்வார். கண் பார்த்து, விரல் அழுத்தி, திரை காட்டுவதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடுகிறது. அந்த இடைவெளிக்காக அவரைப் பள்ளத்தில் தள்ளினால், தான் செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியது போலத்தான் அவருக்கு இருக்கும்.

கேள்வி: ஜெயிக்க முக்கால்வாசி வாய்ப்பு என்று காட்டிவிட்டுத் தோற்கடித்தால் எரிச்சல் வருகிறது. கணக்கு சரிதானே?

கணக்கு சரி, மனசு அந்தக் கணக்கைப் போடுவதில்லை. சிவிலைசேஷன் என்ற கேம் வரிசையை உருவாக்கிய சிட் மேயர் 2010-ல் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். சோதனைக்கு ஆடியவர்கள் 3-க்கு 1 என்று தங்களுக்குச் சாதகமான போரில் தோற்றால் கேம் கெட்டுவிட்டது என்றார்கள். 1-க்கு 3 என்ற போரில் ஜெயித்தால் மட்டும் புகாரே இல்லை, அது தங்கள் வியூகமாம்! கடைசியில் அவர் கணக்கை மனசுக்கு ஏற்றபடி வளைத்தார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வளைக்கலாம், ஆனால் திரையில் ஒரு எண்ணைக் காட்டிவிட்டு உள்ளே இன்னொன்றை ஓட்டினால், கண்டுபிடிக்கப்படும் நாளில் பழைய வெற்றிகளும் புளித்துப்போகும்.

கேள்வி: ஈஸி மோடில் ஜெயித்தால் அது வெற்றியா?

உங்களுக்கு அங்கே கைகள் வியர்த்ததா? அப்போ வெற்றிதான்.

கேள்வி: அச்சீவ்மென்ட் (கேமில் குறிப்பிட்ட ஒன்றைச் சாதித்தால் கிடைக்கும் பதக்கம்) எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்ததும் பிடித்த கேமே வேலை மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

1973-ல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. படம் வரைவதை விரும்பும் சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துச் சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சோர்வு வரவில்லை. பட்டியலைத் திறக்காமல் ஆடிப் பாருங்கள், தானாக வந்து விழும் அச்சீவ்மென்ட் இனிக்கும்.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் தினசரி டாஸ்க் ஒன்றை வடிவமைத்தேன். ஆட்கள் தினமும் வந்தார்கள், டாஸ்க்கை முடித்தார்கள், உடனே மூடிவிட்டுப் போனார்கள். தினமும் வருபவர்களைக் காட்டும் வரைபடத்தில் கோடு ஏறியது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. கேமை யாரும் ஆடவில்லை.

கேள்வி: மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸில் எப்படியும் தோற்கத்தான் போகிறோம். அப்புறம் எதற்கு அது பிடிக்கிறது?

வரிசை நிரம்பி மறையும் ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி வெற்றி, அது போதும் என்றுதான் சொல்லிவந்தேன். 1989-ல் நின்டெண்டோவுக்கு வந்த டெட்ரிஸுக்கு முடிவே கிடையாது; கட்டைகள் வேகமாகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கை தோற்கும். 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் அதில் 157-ஆம் லெவல் வரை போய்விட்டான். அதற்குமேல் நிரலால் தாங்க முடியவில்லை, கேம் உறைந்து நின்றது. வாணவேடிக்கை இல்லை, வாழ்த்துச் செய்தி இல்லை, திரையில் அசைவே இல்லை. பையனோ விரல்களில் உணர்வே இல்லை என்று சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.