கோப்பு யார் கையில் இருந்தது?

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கென்று ஒரு வரலாற்று நூலகம் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். 1882-இல் சீனத் தொழிலாளர்களை வரவிடாமல் சட்டம் போட்ட அரசு அந்த வரலாற்றை நேர்மையாகவா வைத்திருக்கும்? சட்டங்களெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது நூலகம் எதற்கு?

- ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அரசு அலுவலகம் மனசாட்சிக்காகவா காகிதம் சேர்க்கிறது? நாளை மேலிடம் கேட்டால் எடுத்துக் காட்டத்தான். வெட்கப்பட வேண்டியவையும் அந்தக் கட்டோடு கட்டாகத் தப்பிவிடுகின்றன.

இணையத்தில் சட்டம் கிடைக்கும், சரி. அதை அதிகாரிகள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஆண்டறிக்கைகளையும் சுற்றறிக்கைகளையும் புரட்ட வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் துறை எப்போது யார் கையில் இருந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1891-இல் கருவூலத் துறையின் கீழ் ஆரம்பித்தார்கள். கப்பலில் வந்திறங்கும் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 50 சென்ட் வரி அதற்கு முன்பே இருந்தது. வரி வாங்குகிறவர்களே ஆளையும் சோதிக்கட்டும் என்று விட்டார்கள். 1903-இல் வணிக, தொழிலாளர் துறை; 1913-இல் தனியாகத் தொழிலாளர் துறை. வருகிறவன் இப்போது உள்ளூர்க்காரனின் கூலிக்குப் போட்டி. 1940 ஜூன் 14 அன்று நீதித் துறைக்கு மாறியது. பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்ததும் அன்றுதான். நாள் பொருந்தியது தற்செயல். பயம் தற்செயல் அல்ல. அதே மாதம் வந்த சட்டப்படி, 14 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அனைவரும் தபால் நிலையத்துக்குப் போய்க் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் கொண்டுபோய் மூன்றாக உடைத்தார்கள். நூலகம் குடியுரிமை வழங்கும் பிரிவோடு போயிற்று. உடைகிற அலுவலகத்தில் பழைய அறிக்கைகள்தான் முதலில் குப்பைக்குப் போகும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்ட சீனர் விவகாரத்துக்கு நூலகம் மட்டும் போதாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் வந்திறங்கிய சீனர்களை நிறுத்தி, ஊரில் உன் வீட்டுக்கு எத்தனை படி, பக்கத்து வீட்டில் யார் என்றெல்லாம் குடைந்த விசாரணைக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில், அதே சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள சான் புரூனோவில் இருக்கின்றன. 1943-இல் தடையை நீக்கியபோது கொடுத்தது ஆண்டுக்கு 105 இடம். 1917-இல் கதவடைக்கப்பட்ட இந்தியர்களுக்கு 1946-இல் 100.

1906 முதல் 1956 வரையிலான குடியுரிமைக் கோப்புகளைக் கேட்டுப் பெற, நூலகத்தை வைத்திருக்கும் அந்தக் குடியுரிமைப் பிரிவே தனியாக ஒரு சேவை நடத்துகிறது. தேடித் தரவே கட்டணம். தாத்தாவின் காகிதத்தைப் பேரன் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு உங்களைவிடக் கோபம்.