உடல் எடைக்கு ஊசி: உறவினரிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மருத்துவர் ஆலோசனைப்படி வாரம் ஒருமுறை செமாகுளுடைடு ஊசி போட்டு உடல் மெலிந்திருக்கிறேன். விசேஷ வீடுகளில் காரணம் கேட்பவர்களிடம் நடைப்பயிற்சி என்கிறேன். என் நாத்தனாரும் அதை நம்பி நடக்கிறார். எடை குறையவில்லை என்று வருந்துகிறார். உண்மையைச் சொல்ல வேண்டுமா?

பதில்: பந்தியில் அருகே அமர்ந்து விசாரிப்பவருக்கெல்லாம் உங்கள் மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, "மருத்துவர் ஆலோசனையைப் பின்பற்றுகிறேன்" என்பதே போதும், அது உண்மையும்கூட. ஆனால் அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ செல்ல நேர்ந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், வெறும் வயிற்றுடன் சென்றாலும் உள்ளே உணவு தங்கியிருந்து, மயக்க நிலையில் நுரையீரலுக்குள் புகும் அபாயம் உண்டு. கடும் வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ வந்தால் உதவுவதற்காக வீட்டில் ஒருவரேனும் அறிந்திருப்பது நல்லது.

நாத்தனார் நிலை வேறு. உங்கள் பதிலை நம்பித் தம்மையே குறைசொல்லிக்கொள்ளும் அவரிடம் மறைப்பது, என் பார்வையில், நியாயமில்லை. தனியே அழைத்துச் சொல்லுங்கள். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது என்பதால், உங்கள் ஊசிப் பேனாவைக் கொடுத்துவிடாமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.