குளம் சுருங்குவதைப் படத்தில் ஓடவிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் குளம் பத்து ஏக்கர் வரும். சிறுபோகக் கூட்டத்தில், வருடா வருடம் எவ்வளவு நீர் நின்றது என்பதை ஓடும் படமாகக் காட்ட விரும்பினோம். லான்ட்சாட் செய்மதிப் படங்களை அடுக்கிப் பார்த்தால் குளம் ஒரு வருடம் பெருக்கிறது, மறு வருடம் காணாமற்போகிறது. எங்கே பிழை?
— கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர், கனகராயன்குளம்

பதில்: முதலில் கட்ட அளவைப் பாருங்கள். லான்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) பக்கத்துக்கு 30 மீற்றர். பத்து ஏக்கர் குளத்துக்கு 45 கட்டங்கள்தான் கிடைக்கும். அவற்றில் ஏறத்தாழ பாதி, கரையும் நீரும் கலந்த விளிம்புக் கட்டங்கள். அவை நீர்ப்பக்கம் சாய்ந்தால் குளம் பெருக்கும், நிலப்பக்கம் சாய்ந்தால் சுருங்கும். இரணைமடு போன்ற பெருங்குளத்துக்கு லான்ட்சாட் போதும், 1984 வரை பின்னோக்கியும் போகலாம். உங்கள் குளத்துக்கு 2015இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி சென்ரினல்-2 வேண்டும். அதன் கட்டம் 10 மீற்றர்; ஏக்கருக்குச் சுமார் 40 கட்டங்கள். படங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் இணையத்தளத்தில் இலவசம்.

அடுத்தது மாதம். மார்கழி, தையில் நிரம்பும் குளத்தின் படத்தையும் ஆவணியில் வற்றிய படத்தையும் மாறிமாறி அடுக்கினால், பார்ப்பவர் பருவத்தை வருட மாற்றமென்று எடுத்துக்கொள்வார். எல்லா வருடத்துக்கும் மார்ச் மாதப் படத்தையே எடுங்கள். வானமும் தெளிவாக இருக்கும், சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று பேசும் நேரமும் அதுதான். மாரிகாலம் கட்டாயம் வேண்டுமென்றால் முகிலை ஊடுருவும் சென்ரினல்-1 ராடார் படம் இருக்கிறது. அதில் அமைதியான நீர் கறுப்பாகத் தெரியும். காற்று அலை எழுப்பினால் வெளுத்து நிலம்போலத் தோன்றும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ராஸ்டர் கணிப்பானில், சென்ரினல்-2இன் பச்சை அலைவரிசையிலிருந்து (3) அண்மை அகச்சிவப்பை (8) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவும். விடை 0க்கு மேல் என்றால் நீர். கலங்கல் நீருக்காகச் சிலர் அந்த எல்லையை 0.1, -0.1 என்று நகர்த்துவார்கள். நகர்த்தும் முன் கோப்பின் பெயரைப் பாருங்கள். ‘என்’ எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் 0400 அல்லது அதற்கு மேல் என்றால், இரண்டு அலைவரிசையிலும் முதலில் 1000ஐக் கழிக்க வேண்டும். 2022 ஜனவரியில் வந்த மாற்றம் இது. எல்லை 0இல் இருக்கும்வரை இந்தப் பிழை தலைகாட்டாது. நகர்த்தியதும் பழைய படமும் புதிய படமும் ஒத்துப்போகா.

நீர் கட்டிய வயலும் நீரென்றே வரும். ஆகவே குளம் முட்ட நிறைந்த நாளின் எல்லையை ஒருமுறை வரைந்து, எல்லாப் படங்களையும் அதற்குள் வெட்டிக்கொள்ளுங்கள். தாமரையும் சல்வீனியா என்ற மிதக்கும் களையும் மூடிய இடம் நிலமென்று வரும். அதற்குக் கணக்கு வழி கிடையாது, ஊர் அறிவுதான் வழி: அந்த இடத்தை வேறு நிறத்தில் அடையாளமிடுங்கள்.

இனி ஓட்டம். ஒவ்வொரு படத்தின் பண்புகளிலும் ‘டெம்போரல்’ பக்கத்தைத் திறந்து, நிலையான காலவீச்சாக அந்த வருடத்தின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை கொடுங்கள். டெம்போரல் கொன்ட்ரோலரில் படி ஒரு வருடம். மார்ச் மாதத்தை மட்டும் கொடுத்து மாதப் படியில் ஓட்டினால் வருடத்துக்குப் பதினொரு சட்டங்கள் (ஃபிரேம்கள்) வெறுமையாக வரும். நிற அளவுகோலை எல்லாப் படத்துக்கும் ஒன்றாகப் பூட்டுங்கள். சட்டமொன்றுக்கு இரண்டு வினாடி விடுங்கள், வருடத்தைப் பெரிதாக மூலையில் போடுங்கள்.

கூட்டத்தில் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: படம் காட்டுவது நீர்ப்பரப்பு, கொள்ளளவல்ல. தட்டையான குளத்தில் ஓரடி இறங்கினாலே கரை வெகுதூரம் உள்வாங்கும். துருசடி (மதகடி) அளவுகோலின் வாசிப்பைச் சட்டத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

கேள்வி: 1981, 2012 குடிசன மதிப்பீடுகளை வைத்து, வன்னியின் சனத்தொகை படிப்படியாக மாறுவதை மாணவர்களுக்கு அசைவுப் படமாகக் காட்டலாமா?
— புவியியல் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: இரண்டு சட்டமாகக் காட்டுங்கள். இடையில் மென்பொருளை நிரப்பவிட வேண்டாம். 2001 மதிப்பீடு வன்னியில் முழுமையாக நடக்கவில்லை. அந்த 31 வருடங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்தால், இடம்பெயர்ந்ததும் திரும்பியதும் இல்லாத, சீராக நகர்ந்த ஓர் ஊரைப் பிள்ளைகள் காண்பார்கள். அப்படியொரு வன்னி இருக்கவில்லை. இடையில் சாம்பல் நிறச் சட்டமொன்றை வைத்து ‘தரவு இல்லை’ என்று எழுதுங்கள்.

எல்லையும் மாறியிருக்கிறது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1981இல் அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள். இன்றைய எல்லைக்குள் வரும் பிரிவுகளைக் கூட்டித்தான் 1981 எண்ணைப் பெற வேண்டும்.

கேள்வி: வடக்கு ரயில் பாதை மீண்டும் திறந்த கட்டங்களை, கைபேசியில் விரலால் நகர்த்திப் பார்க்கும் படமாகச் செய்தேன். என் மடிக்கணினியில் இணையத்தில் ஏற்றிப் பார்த்தபோது ஓடியது. நண்பனுக்குக் கோப்பாக அனுப்பினால் வெறும் திரை.
— மாணவன், வவுனியா

பதில்: தரவை ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பாகத் தனியே வைத்திருப்பீர்கள். சேவையகம் இல்லாமல் நேரடியாகத் திறக்கும் பக்கம் இன்னொரு கோப்பை வாசிக்க உலாவி விடாது. தரவை ஒரு மாறியாக எழுதி, அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். படத்தை நகர்த்த உதவும் லீஃப்லெட் நிரலையும் அதன் பாணிக் கோப்பையும் அப்படியே உள்ளே சேருங்கள். ஆள்கூறுகளில் ஐந்து தசமம் போதும், அதுவே ஒரு மீற்றர் நுட்பம். கோப்பும் நன்றாகச் சிறுக்கும்.

இங்கே மாதம் மாதமாக நகரும் பட்டி வேண்டாம். கிளிநொச்சி வரை 2013 செப்டம்பர், பளை வரை 2014 மார்ச், யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபர்: மூன்று நிகழ்வுக்கு மூன்று நிறுத்தம். ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி என இரண்டு புலம் வையுங்கள், திறந்திருப்பதற்கு முடிவு வெறுமையாக இருக்கட்டும். திகதியை 2013-09-14 என்ற ஒழுங்கில் எழுதுங்கள். நாளை முன்னே போட்டால் வரிசை குழம்பும். பின்னணிப் படத்தையும் மங்கலாக்குங்கள். அது இன்றைய படம். 2013இல் பட்டி நிற்கும்போதே யாழ்ப்பாணம் வரை தண்டவாளத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.