முதல் முறையாக பிராசஸரை ஓவர்கிளாக் செய்யப்போகிறேன், பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

ஓவர்கிளாக் என்றால் பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது. எந்த பிராசஸர் என்று நீங்கள் சொல்லவில்லை. ஏஎம்டியின் ரைசன் 5, பி450 மதர்போர்டு, பெட்டியோடு வந்த சின்ன கூலர் என்றே வைத்துக்கொள்கிறேன், 2018இல் நான் கெட்டுப்போனதும் இதே கூட்டணியோடுதான். (ஏ320 போர்டு என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஓவர்கிளாக் கிடையாது. இன்டெல் என்றால் பெயரில் கே இருக்க வேண்டும், இசட் வரிசை போர்டும் வேண்டும்.)

என்னுடையது ரைசன் 5 2600. அந்த டிசம்பரில் ஒரு ராத்திரி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) போய் மல்டிபிளையரை (போர்டின் 100 மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 40 என்று வைத்தேன், அதாவது 4.0 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். ஆட்டோ என்றால் போர்டு பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்போம், அதுவோ மெஷின் நின்றுவிடக் கூடாதே என்று 1.4 வோல்ட்டுக்கு மேல் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தது. வேகத்தைத் தொடாவிட்டாலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு ஏறும், 1.3இலிருந்து 1.4க்குப் போனாலே கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடுதல். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சினிபென்ச் (பிராசஸர் வேகத்தை அளக்கும் சோதனை) மூன்று தடவை ஓட்டினேன், 82 டிகிரி, ஸ்கோர் ஏறியிருந்தது, ஸ்கிரீன்ஷாட்டை குரூப்பில் போட்டுவிட்டு நாலு மாதம் ராஜா மாதிரி திரிந்தேன்.

மே வந்தது. அக்கா மகளின் காதுகுத்து வீடியோ, ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டரில் (எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை) போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் லாகின் திரைதான் இருந்தது. மறுபடி போட்டுவிட்டு சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து பக்கத்திலேயே உட்கார்ந்தேன். 89, 91, 94, பொட்டென்று ரீஸ்டார்ட். எந்தக் காற்றுக் கூலராலும் பிராசஸரை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. டிசம்பரில் 25 டிகிரியாக இருந்த அந்தச் சென்னை அறை மேயில் 37, அந்த 12ம் அப்படியே பிராசஸர் தலையில். மூடியைக் கழற்றினால் கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி, கம்பளி மாதிரி படிந்து கிடந்தது, உரித்துத்தான் எடுத்தேன். அடியில் பிராசஸர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக இருந்தது.

ஏசி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டு ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார், ஈபி பில்லைக் காட்டுங்கள் சார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலி செய்தபோது, நான் குடிவரும் முன்பே சுவரில் இருந்த எண்ணெய்க் கறைக்கும் சேர்த்து பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்தார். சரி, அது வேற கதை.

அப்புறம் செய்தது இது. வோல்டேஜைக் கையாலேயே 1.275 என்று வைத்து, மல்டிபிளையரைக் கால் கால் படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் ஓசிசிடி (பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டினேன், அதுவும் மதியம் ரெண்டு மணிக்கு, ஏசி இல்லாமல். 85ஐத் தாண்டினால் இறங்கிவிடுவது. 3.9இல் நின்றது. 4.0க்கும் இதற்கும் ரெண்டரில் ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம், அதற்காகவா அத்தனை பாடு!

நடுவில் 4.1 ஆசையில் ஒரு தடவை திரையே வரவில்லை. பயப்படாதீர்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சிமாஸ் கிளியர் என்று குறித்திருக்கும் ரெண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி சேர்த்துத் தொட்டால் பயாஸ் பழையபடி ஆகிவிடும்.

'1.25லேயே 4.0 வாங்கினேன்' என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: வாழ்த்துகள், ஒரே மாடலில் ரெண்டு சிப் ஒரே மாதிரி வராது. புது ரைசன்கள் தேவைப்படும்போது தாங்களே வேகம் ஏற்றிக்கொள்ளும், எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டினால் சிங்கிள் கோர் வேகம் குறையக்கூடும் என்பதும் தெரியும், நான் சொல்வது என் பழைய 2600க்கு. ஓவர்கிளாக்கில் சிப் போனால் வாரன்ட்டி கிடையாது, அதையும் படித்துவிட்டே இறங்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். நான் 3200 என்று காசு கொடுத்து வாங்கியது, பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை வாங்கிய வேகத்திலேயே ஓட வைக்கும் செட்டிங்) ஆன் செய்யாததால் ஒரு வருஷம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் குரூப்பில் போடவில்லை.