குரூஸ் செட் ஆகவில்லையா? பிரேக் லைட்டைப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் குரூஸ் கண்ட்ரோல் பற்றித்தான், அதாவது காலை எடுத்த பிறகும் செட் செய்த வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் அமைப்பு. ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

கே: 1987 கார்வெட். சமதரையில் குரூஸ் நன்றாகப் பிடிக்கிறது. மேடு ஏறும்போது மட்டும் வேகம் மணிக்கு 10 மைல் அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ப: வேக்குவம் கசிகிறது. உங்கள் காரில் த்ராட்டிலை (இஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) இழுத்துப் பிடிப்பது இஞ்சினின் வேக்குவம்தான், அதாவது அது காற்றை உறிஞ்சும் இழுப்பு. மேட்டில் த்ராட்டில் அகலத் திறக்கும், அப்போது இஞ்சினில் வேக்குவமே குறைந்துபோகும். சமதரையில் சமாளிக்கிற சின்னக் கசிவு அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும். அப்புறம் வேக்குவம் கைப்பம்பை வைத்து, த்ராட்டிலை இழுக்கும் சர்வோவுக்கு 15 இஞ்ச் (பாதரச அளவு) வேக்குவம் கொடுங்கள். அது ஒரு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். பிரேக் பெடலுக்கு மேலே உள்ள வேக்குவம் வால்வை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, பெடலைக் கையால் மேலே இழுங்கள். தானே சரியான இடத்தில் உட்காரும்.

கே: என் பழைய காரில் குரூஸ் வேலை செய்யவில்லை. ஏன்?

ப: ஜோசியருக்குக்கூட ராசி, நட்சத்திரம் சொல்ல வேண்டும். எந்தக் கார், எந்த வருடம் என்றாவது எழுதுங்கள்.

கே: 1988 மெர்சிடிஸ் 560எஸ்எல். வேக்குவம் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். குரூஸ் இன்னும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது.

ப: அந்தக் காரின் குரூஸில் வேக்குவமே கிடையாது. த்ராட்டிலை இழுப்பது மின்சார மோட்டார். நீங்கள் மாற்றிய ஹோஸ்களால் கதவுப் பூட்டுக்கு வேண்டுமானால் நல்லது நடந்திருக்கும். கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து சால்டர் மூட்டுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 30 வருட அதிர்வில் பாகங்களின் கம்பிக் காலைச் சுற்றி வளையமாக விரிசல் விட்டிருக்கும். திரும்ப சால்டர் செய்தாலே பாதிப் பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

கே: 1992 மஸ்தா மியாட்டா. போன மாதத்திலிருந்து குரூஸ் செட் ஆகவே மாட்டேன் என்கிறது. வேறு எதையும் மாற்றவில்லை, பின் விளக்குகளுக்கு எல்இடி பல்பு போட்டதைத் தவிர. கண்ட்ரோல் பெட்டி வாங்கிவிடலாமா?

ப: "வேறு எதையும் மாற்றவில்லை, தவிர." இந்தத் 'தவிர'வைப் படித்துப் படித்தே எனக்கு முடி நரைத்தது.

குரூஸ் பெட்டி பிரேக் லைட் ஒயரை எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்காதபோது அந்த ஒயர் பல்பின் இழை வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். அணைந்திருக்கும் சாதா பல்பின் இழைக்கு 1 ஓம்கூட இருக்காது, அதனால் பெட்டிக்கு எர்த் தெளிவாகத் தெரியும். எல்இடி அப்படி விடாது. ஒயர் அறுந்துவிட்டது என்றோ, காலை பிரேக்கில் வைத்திருக்கிறீர்கள் என்றோ பெட்டி எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் செட் ஆகாது, அதுதான் அதன் வேலை. ஹோல்டரில் எர்த் துருப்பிடித்தாலும் இதே கதைதான்.

என்னிடம் இப்படி ஒரு மியாட்டா வந்தது. ஒரு பட்டறையில் பெட்டியையும் சர்வோவையும் புதிதாகப் போட்டு, கடைசியில் கையை விரித்திருந்தார்கள். நான் நடு பிரேக் லைட்டில் ஒரு சாதா பல்பைத் திரும்பப் போட்டேன். வேலை முடிந்தது. கார்க்காரர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

எல்இடியை வைத்துக்கொண்டே, எர்த்துக்கு வழிவிட பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கும் 6 ஓம் ரெசிஸ்டர், பிரேக் மிதித்திருக்கும் நேரமெல்லாம் 30 வாட் சூட்டைக் கக்கும். அதை இரட்டைப் பக்க டேப்பால் பிளாஸ்டிக் விளக்கின் முதுகில் ஒட்டிவிட்டு எனக்குப் பெருமையாக போட்டோ அனுப்புகிறவர்களை என்ன சொல்ல? தகரத்தில் திருகிப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். மீட்டரைக் கையில் எடுக்காமல் பாகம் வாங்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது!

கே: பிரேக் பெடல் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. புதியது வரும்வரை ஒயர்களை நேராக இணைத்து குரூஸை ஓட்டலாமா?

ப: கூடாது. மிதித்தால் குரூஸை விடுவிப்பதே அந்த ஸ்விட்ச்தான். புதியது வரும்வரை உங்கள் வலது காலே குரூஸ்.

கே: மணிக்கு 20 மைலில் குரூஸ் செட் ஆகவில்லை.

ப: ஆகாது. பெரும்பாலான கார்களில் 25 மைலுக்கு மேல்தான், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். பழுது இல்லை.

கே: ஸ்டீயரிங்கில் உள்ள குரூஸ் பட்டன்களும் ஹார்னும் ஒரே நாளில் செத்துவிட்டன.

ப: ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள் அறுந்திருக்கும். ஏர்பேக் விளக்கும் எரிகிறதா பாருங்கள். கழற்றுவதற்கு முன் பேட்டரியை எடுத்துவிட்டு கால் மணி நேரம் காத்திருங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், முகத்துக்கு நேரே வெடிக்கும் சாமான் அது.

கே: 1991 மியாட்டா. குரூஸ் போட்டால் கார் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஆடுகிறது. (பல்பு எல்லாம் சாதாதான்.)

ப: அடைப்புக்குறிக்கு நன்றி. முதல் தலைமுறை மியாட்டாவில் மீட்டரைச் சுழற்றுவது கேபிள்தான். குரூஸுக்கு வேகம் சொல்லும் சென்சாரும் அந்த மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. முள் ஆடினால் குரூஸும் சேர்ந்து ஆடும். ஸ்பீடோ கேபிளை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால், த்ராட்டிலுக்குப் போகும் குரூஸ் கேபிளில் தொய்வு இருக்கும், லேசாக முறுக்குங்கள். அதிகமாக முறுக்கி ஐடிலை (கார் நிற்கும்போது இஞ்சின் சுற்றும் வேகம்) ஏற்றிவிட்டு அதற்கு வேறு ஒரு கடிதம் போடாதீர்கள்.