ராஜினாமாவுக்கு முன் அக்காவுக்கு ஒரு போன்

கேள்வி: சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றுக்கு 4 வருடம் 2 மாதமாக கும்பகோணத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். இனி வாரம் 3 நாள் அலுவலகம் வரவேண்டும் என்று மெயில் வந்துவிட்டது. வீட்டுச் சூழல் சரியில்லை என்று மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன், மனிதர் இரங்கவில்லை. அக்கா தாம்பரத்தில் இருக்கிறாள். கட்டிக்கொடுத்த பெண்ணை எதற்குத் தொந்தரவு செய்வது? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: தம்பி, கடிதத்தில் மேனேஜரைக் குறைசொல்லிவிட்டு அக்காவுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த வரிதான். கட்டிக்கொடுத்துவிட்டால் அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவாரா? நீங்கள் அவளைக் கேட்கவே இல்லை. கேட்காமலே அவள் சார்பில் முடியாது என்று பதிலும் சொல்லிக்கொண்டீர்கள். இதற்குத் தியாகம் என்று பெயர் வைக்காதீர்கள். அப்பாவுக்கு அவள் செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் தடுக்கிறீர்கள்.

வேலையை விட்டால் முதலில் போவது உங்கள் சம்பளம். அடுத்து, கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் அப்பா பெயர் இருந்தால், கடைசி வேலைநாளோடு அதுவும் போகும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தனியாகப் பாலிசி கிடைப்பது மிக அரிது. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டு ஆகவேண்டும். உங்களுக்கு இன்னும் 10 மாதம் பாக்கி. நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். ஐ.டி.யில் 90 நாள் சகஜம். அந்த 90 நாளும் அலுவலகத்துக்கு வா என்றுதான் சொல்வார்கள்.

மேனேஜரிடம் டயாலிசிஸ் என்ற வார்த்தையையே நீங்கள் சொல்லவில்லை. வீட்டுச் சூழல் என்று மொட்டையாகச் சொன்னால் யார் இரங்குவார்கள்? வீட்டிலிருந்து வேலை செய்வதை உரிமையாகக் கேட்கத் தனியார் ஊழியருக்குச் சட்டம் கிடையாது. அதனால் எழுத்தில் கேளுங்கள். மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரே மெயில். நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக டாக்டர்) கடிதத்தையும் டயாலிசிஸ் அட்டவணையையும் இணையுங்கள். விலக்கு கேட்டால் மறுப்பது சுலபம். வாரம் 3 நாள் என்பதை மாதம் 12 நாளாகச் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்: தொடர்ந்து இரண்டு வாரம், பிறகு ஒரு திங்கள், ஒரு செவ்வாய். மூன்று மாதத்துக்குச் சோதனையாகக் கேளுங்கள். போனில் சரி என்றாலும் விடாதீர்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள்.

அந்த 12 நாளும் அப்பா உங்களோடு தாம்பரம் வரட்டும். செவ்வாய், வியாழன் அக்கா கூட்டிப்போகட்டும்; சனிக்கிழமை உங்கள் முறை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும் என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். புதிய சென்டரில் இடம் கிடைக்க நாளாகும், முன்கூட்டியே பேசுங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் சமீபத்தியதாக இல்லாவிட்டால் மெஷினில் ஏற்றமாட்டார்கள். டிரை வெயிட் (உடம்பில் தேங்கிய நீர் போனபின் இருக்கவேண்டிய எடை), ஹெப்பரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து) அளவு, கடைசி சில டயாலிசிஸ் குறிப்புகள் ஆகியவற்றையும் இப்போதைய சென்டரில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவை அடுத்த சனிக்கிழமை கும்பகோணத்துக்கு வரச்சொல்லுங்கள். டயாலிசிஸ் நடக்கும்போது பக்கத்தில் உட்காரட்டும். ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் கையில், பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் சொன்ன அளவு தாண்டக்கூடாது. இரண்டையும் நர்ஸ் வாயாலேயே அவள் கேட்கட்டும். அவளுக்கு எந்தத் தேதி தோதுப்படும் என்று தெரிந்த பிறகு ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.